பிள்ளையின் வங்கிக் கணக்கும் ஓர் அமானிதம்
கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோர் கவனத்துக்கு



கல்லூரிகள் திறக்கும் காலம் இது. கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்கும் அரசு பொறியியல் கல்லூரிக்கும், சேலம், நாமக்கல் அரசு கலைக் கல்லூரிகளுக்கும், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்துத் தனியார் கல்லூரிகளுக்கும் நம் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். தகப்பனார் லாரிப் பட்டறையிலோ கொலுசுப் பட்டறையிலோ வேலை பார்ப்பவராகவோ, தள்ளுவண்டி வியாபாரியாகவோ இருப்பார்.

கல்வி உதவி விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோர் நம்மிடம் நிறையக் கேட்கிறார்கள். எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, ஹாஸ்டலில் ஹலால் சாப்பாடு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். பிள்ளையின் பெயரில் புதிதாகத் தொடங்கிய வங்கிக் கணக்கு, சிம் கார்டு, அசல் சான்றிதழ்கள் ஆகியவற்றை எப்படிக் காப்பது என்று கேட்பவர்கள் குறைவு. கல்லூரி வளாகங்களைச் சுற்றி இன்று நடக்கும் திருட்டும் மோசடியும் இந்த மூன்றையும்தான் குறிவைக்கின்றன. ஆகவே இந்த மாத இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம்.

உதவித்தொகை மோசடி தரும் பாடம்

சிறுபான்மை மாணவர்களுக்கு ஒன்றிய அரசு வழங்கிய கல்வி உதவித்தொகையில் நடந்த மோசடியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சகம் நடத்திய ஆய்வில் 1,572 கல்வி நிறுவனங்கள் சரிபார்க்கப்பட்டன. அவற்றில் 830 நிறுவனங்கள் போலியானவை, அல்லது இயங்காதவை, அல்லது போலிப் பயனாளிகளைக் காட்டியவை என்று தெரியவந்தது. 2017-18 முதல் 2021-22 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்த நிறுவனங்கள் வழியாக அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 144.83 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. அமைச்சகத்தின் புகாரின் பேரில் 2023 ஆகஸ்டில் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது.

அதற்கு முன்பே, 2020 நவம்பரில், ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த இதே வகை முறைகேட்டை ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்டது. அங்கே தரகர்கள் ஏழைக் குடும்பங்களிடம் ஆதாரையும் வங்கி விவரத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பள்ளி ஊழியர் சிலரும் வங்கி முகவர் சிலரும் கூட்டுச் சேர்ந்தார்கள். பணம் வந்ததும் குடும்பத்துக்குச் சிறு பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. யாரும் பூட்டை உடைத்து இந்தப் பணத்தைத் திருடவில்லை. ஏழைகளின் பெயரும் ஆதாரும் கைரேகையும் கணக்கும் இருந்தால் போதும் என்ற நிலையில் திருடினார்கள். அந்தக் குடும்பங்கள் நம்பிக் கொடுத்தன. கொடுத்த பிறகு தங்கள் பெயரில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாருக்காக அந்தத் தொகை ஒதுக்கப்பட்டதோ அந்த சமுதாயத்தின் பிள்ளைகளே இதில் நஷ்டப்பட்டார்கள்.

கணக்கை வாடகைக்குக் கேட்பவர்கள்

அதே தந்திரம் இப்போது கல்லூரி மாணவர்களிடம் வேறு வடிவில் வருகிறது. காவல்துறையும் வங்கிகளும் இதை 'மியூல் கணக்கு' என்கின்றன. திருட்டுப் பணத்தைச் சுமக்கும் கழுதை போன்ற கணக்கு என்பது பொருள்.

இது பெரும்பாலும் இப்படி நடக்கிறது. சீனியர் ஒருவரோ, டீக்கடையில் பழக்கமான ஒருவரோ, இன்ஸ்டாகிராமில் பேசிய ஒருவரோ மாணவனை அணுகுவார். "உன் பேரில் ஒரு அக்கவுண்ட் ஆரம்பிச்சுக் கொடு. ஏடிஎம் கார்டும் சிம்மும் எங்ககிட்ட இருக்கட்டும். மாசம் இவ்வளவு தர்றோம்" என்பார். ஆன்லைன் வியாபாரத்துக்கு, வரி மிச்சம் பிடிக்க, வெளிநாட்டுப் பணம் மாற்ற என்று ஏதாவது காரணம் சொல்வார். செலவுக்குத் தடுமாறும் மாணவனுக்குச் சில ஆயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியும். தன் பணம் ஒன்றும் போகவில்லையே என்று கொடுத்துவிடுவான்.

பிறகு வேறொரு மாநிலத்தில் யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றிய பணம் அந்தக் கணக்கில் வந்து விழும். சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும் வங்கி அந்தக் கணக்கை முடக்கும். காவல்துறை பணம் போன வழியைத் தேடிப் போனால் முதலில் கிடைப்பது நம் பிள்ளையின் பெயரும் முகவரியும் புகைப்படமும்தான். ஏமாற்றியவன் எங்கோ இருப்பான். நோட்டீஸ் நம் வீட்டுக் கதவைத் தட்டும்.

மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்கு இடம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கணக்குக் கொடுத்தவருக்கு எவ்வளவு தெரியும் என்பதை விசாரணைதான் முடிவு செய்யும். அந்த விசாரணை முடியும் வரை பிள்ளையின் வாழ்க்கை நின்றுபோகும். நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் வாங்குவது சிரமம். அரசு வேலைக்கான காவல்துறை சரிபார்ப்பிலும் அது தெரியும். படித்து முடித்து வளைகுடா நாட்டு வேலைக்குப் போகலாம் என்று எண்ணும் குடும்பங்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

மார்க்க ரீதியாகவும் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏமாற்றிப் பறித்த பணத்தைச் சுமந்து கொடுப்பதற்குக் கிடைக்கும் கூலி ஹலாலாகாது. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் புறப்பட்ட வேளையில், தங்களை எதிர்த்த மக்களின் பொருட்கள்கூட அவர்களிடம் அமானிதமாக இருந்தன. அவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை அங்கே விட்டுச் சென்றார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்திலும் பிறர் பொருளில் அவ்வளவு கவனம் இருந்தது. நம் பிள்ளையின் கணக்கில் வந்து விழும் அந்நியரின் பணம் யாருடையது என்று தெரியாமல் இருப்பது அந்த வழிமுறைக்கு நேர் எதிரானது.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்ட மாணவர் யாராவது இதைப் படித்தால் அவருக்குச் சொல்கிறோம். இன்றே வங்கிக்குப் போய் கார்டையும் நெட் பேங்கிங்கையும் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். சிம்மைப் பிளாக் செய்யுங்கள். நோட்டீஸ் வரும் வரை காத்திராமல், பெற்றோருடனும் ஒரு வழக்கறிஞருடனும் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையத்துக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். நோட்டீஸ் வந்துவிட்டால் ஓடி ஒளிய வேண்டாம். குறித்த தேதியில் ஆஜராகுங்கள். கார்டைக் கேட்டவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உங்களுக்கு இருக்கும் ஆதாரம் அதுதான்.

'உதவித்தொகை வந்திருக்கிறது' என்னும் அழைப்பு

கல்வித்துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி பெற்றோருக்கு அழைப்பு வரும். பிள்ளையின் பெயர், வகுப்பு, கல்லூரி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதனால் நம்பிக்கை வரும். "உதவித்தொகை போட வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள்.

இங்கே ஒரு விதியை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். அரசின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. தேசிய கல்வி உதவித்தொகை இணையதளம் வழியாக வருவதும் அப்படித்தான். இதற்காக யாரும் போன் செய்து ஓடிபி கேட்பதில்லை, முன்பணம் கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் போனை வைத்துவிட்டு, கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் அலுவலரை நேரில் கேளுங்கள்.

'போலீஸ் பேசுகிறோம், உங்கள் மகன் வழக்கில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் அனுப்புங்கள்' என்ற அழைப்பும் இதே இனம். வீடியோ காலில் சீருடையோடு உட்கார்ந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. போனைத் துண்டித்துவிட்டு முதலில் மகனுக்கு அழையுங்கள். அவன் எடுக்கவில்லையென்றால் அவனுடைய நண்பருக்கோ வார்டனுக்கோ அழையுங்கள். இந்த எண்களை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

சேர்க்கைத் தரகர்கள்

சீட் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகர்களிடம் பணம் இழப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. மேனேஜ்மென்ட் கோட்டா என்றும், நர்சிங், பாராமெடிக்கல் டிப்ளமோ என்றும் சொல்லி முன்பணம் வாங்குவார்கள். பிறகு கல்லூரிக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரியவரும்.

1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டப்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றம் தனிச்சட்டத்தால் அதிகாரம் அளித்த நிறுவனமும்தான் பட்டம் வழங்கலாம். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யுஜிசி தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. மருத்துவக் கல்லூரி என்றால் தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலும், நர்சிங் என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிலும், பொறியியல் என்றால் ஏஐசிடிஇ தளத்திலும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். பார்த்துச் சொல்கிறோம்.

கட்டணத்தைக் கல்லூரியின் கணக்கிலேயே கட்டுங்கள். தனிநபர் கணக்குக்கோ, தனிநபரின் ஜிபே எண்ணுக்கோ அனுப்பாதீர்கள். கல்லூரியின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றித்தான் குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், பேசுகிறது என்பது மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்தவர்தானே, ரசீது கேட்டால் தப்பாக நினைப்பாரே என்று தயங்க வேண்டியதில்லை.

அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்தது. படிப்பிலிருந்து விலகினால் எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு கட்டணம் திரும்பும் என்பதற்கும் அதே அறிவிப்பில் விதி இருக்கிறது. கல்லூரிக்கே அப்படியென்றால் தரகரிடம் அசல் டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுத்துவிட்டு நிற்பது எவ்வளவு பெரிய தவறு என்று யோசித்துப் பாருங்கள். சான்றிதழைப் பிணையாக வைத்துத்தான் மேலும் பணம் கேட்பார்கள்.

படிப்பு முடிந்து வேலை தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள் 2022இல் மியான்மரில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை ஆன்லைனில் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லிக் கொடுமைப்படுத்தப்பட்டார்கள். அரசு தலையிட்டுப் பலரை மீட்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் ஒன்றிய அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள்.

ஹாஸ்டலிலும் பஸ்ஸிலும்

செல்போன், லேப்டாப், பைக் திருட்டு குறையவில்லை. சேலம் புதிய பஸ் நிலையத்தில் காலை நெரிசலில் ஏறும்போது போனைப் பின் பாக்கெட்டில் வைப்பதும், ஹாஸ்டல் அறையைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போவதும் திருடனுக்கு அழைப்பு விடுப்பது போல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது நமக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுக்கம்.

கல்லூரிக்கு அனுப்பும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள்.

போனில் ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அதையும் லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் எழுதி, வாங்கிய பில்லோடு வீட்டில் வையுங்கள்.

போனுக்கு ஸ்கிரீன் லாக் போடுங்கள். சிம்முக்கும் பின் போட முடியும். கடையில் கேட்டு அதையும் செய்துகொள்ளுங்கள். திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும் என்பதால் சொல்கிறோம்.

ஏடிஎம் பின், யூபிஐ பின் ஆகியவற்றைப் போனிலோ கார்டின் உறையிலோ எழுதி வைக்கக் கூடாது. அறைத் தோழனாக இருந்தாலும் பின் நம்பர் சொல்லக் கூடாது.

நகை, அசல் சான்றிதழ், அதிக ரொக்கம் ஆகியவற்றை ஹாஸ்டலுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். கட்டணம் கட்டும் கணக்கும் அன்றாடச் செலவுக் கணக்கும் தனித்தனியாக இருப்பது நல்லது. செலவுக் கணக்கில் சிறு தொகை மட்டும் இருக்கட்டும்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மையும் யூபிஐயையும் நிறுத்துங்கள். பிறகு காவல்துறையில் புகார் கொடுத்து, அந்த நகலுடன் ஒன்றிய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயை முடக்கச் சொல்லுங்கள். முடக்கிய போனை இந்தியாவில் எந்த சிம் போட்டும் பயன்படுத்த முடியாது. நம் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டால்

1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். இணைய நிதி மோசடிக்கான தேசிய உதவி எண் இது. முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். வெளியே எடுக்கப்படும் முன் தகவல் சேர்ந்தால் வங்கி அதை நிறுத்தி வைக்க முடியும். வங்கியின் பெயர், கணக்கு எண், பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளமான சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற முகவரியில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சேலம் மாநகரம், சேலம் மாவட்டம், நாமக்கல் மாவட்டம் மூன்றிலும் சைபர் குற்றப் பிரிவு காவல் நிலையங்கள் உள்ளன. நேரிலும் போகலாம்.

வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ ஏற்பட்ட ஓட்டையால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. ஓடிபியையோ பின்னையோ நாமே சொல்லியிருந்தால் தெரிவிக்கும் வரை போன பணம் நம் பொறுப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்கு நஷ்டம் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

வீட்டில் சொல்லும் தைரியம்

இவ்வளவும் தெரிந்த பிள்ளைகள்கூடப் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள். காரணம் பயம். "அத்தாவுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்" என்று மகள் நினைக்கிறாள். "கடன் வாங்கிக் கட்டிய பணத்தைத் தொலைத்துவிட்டேனே" என்று மகன் கூசுகிறான். கடன் செயலியில் இரண்டாயிரம் வாங்கியதற்கு, புகைப்படத்தை மாற்றி உறவினருக்கு அனுப்புவோம் என்று மிரட்டுகிறவர்களும், நட்பாகப் பேசிப் படத்தை வாங்கிக்கொண்டு பணம் கேட்பவர்களும் இந்தப் பயத்தை நம்பித்தான் தொழில் நடத்துகிறார்கள். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்பதில்லை, மறுபடியும் கேட்பார்கள். இப்படிச் சிக்கிய மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். அல்லாஹ் பாதுகாப்பானாக.

பெற்றோரிடம் நாம் கேட்டுக்கொள்வது இதைத்தான். கல்லூரிக்கு அனுப்பும் நாளில் பிள்ளையை உட்கார வைத்து, "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல். திட்ட மாட்டோம், படிப்பை நிறுத்த மாட்டோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். பெண்கள் தொடர்பான ஆபாசப் படப் புகாரை மேற்சொன்ன தளத்தில் பெயர் சொல்லாமலும் பதிவு செய்ய முடியும். மனம் உடைந்து நிற்கும் பிள்ளைக்கு அரசின் மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது.

அறக்கட்டளை சார்பாக இரண்டு விஷயங்கள். நாம் வழங்கும் கல்வி உதவி கல்லூரியின் பெயருக்குக் காசோலையாக மட்டுமே போகிறது. நம் பெயரைச் சொல்லி யாராவது க்யூஆர் கோடு அனுப்பினாலோ, விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்டாலோ அது நாமல்ல. ரமலானில் 'ஏழை மாணவனுக்கு ஃபீஸ்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எண்களுக்கு ஜகாத் அனுப்பும் முன், அந்த மாணவனின் கல்லூரியையும் மஹல்லா ஜமாஅத்தையும் விசாரித்துவிட்டு அனுப்புங்கள். அடுத்து, நோட்டீஸ் வந்தது, பணம் போனது, தரகரிடம் சான்றிதழ் மாட்டிக்கொண்டது என்று எந்தப் பிரச்சினையானாலும் லுஹருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். புகார் எழுதிக் கொடுக்கவும் காவல் நிலையத்துக்கு உடன் வரவும் ஆட்கள் இருக்கிறார்கள். விஷயம் வெளியே போகாது. நீங்கள் சொல்வதும் எங்களிடம் அமானிதம்தான்.

இமாம்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் இந்தக் கட்டுரையின் சுருக்கத்தை ஒரு ஜும்ஆவில் எடுத்துச் சொன்னால், இதழைப் படிக்காத வீடுகளுக்கும் செய்தி சேரும். 1930 என்ற எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளின் கல்வியிலும் சம்பாத்தியத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பிறர் பொருளில் அவர்கள் கை படாமலும், அவர்கள் பொருளில் பிறர் கை படாமலும் காப்பானாக. ஆமீன்.